நாற்பது வீடுகள் பேசாமல் இருந்தபோது

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டுப் பெருமைப்பட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாத ஓர் ஆள் நாற்பது வீடுகளுக்கு மௌனம் சொல்லிக்கொடுத்தான். அந்த ஆள் நான்தான்.

பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தபோதே அவருடைய கிளினிக் வாடகையை விசாரித்தவன் நான். பெண் பார்க்கப் போன மூன்று இடங்களிலும் பெண்ணைப் பேச விடவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர்கள், "மாப்பிள்ளை நல்லவருதான். ஆனா எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு ரேடியோ இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது வயது நாற்பத்தைந்து. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் பாருவில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் தொழிற்சாலையில் வேலை. அங்கே முகத்தை மூடிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் பேசாமல் நிற்க வேண்டும். அந்தப் பாக்கி எல்லாவற்றையும் வீட்டுக்கு வரும் வழியில் யாரிடமாவது தீர்த்துவிடுவேன்.

வீடு சுங்கை பினாங்கில். லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடம், நாற்பது கதவுகள், எல்லோரும் வாடகைக்காரர்கள். என் வீடு மூன்றாவது மாடியில். அடுத்த கதவு லோரி அண்ணனுடையது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார். அவருடைய குளியலறையும் என் டிவி இருக்கும் அறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். பந்து விளையாட்டு நாள்களில் என் டிவி அலறும். அவர் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். நான் சத்தத்தைக் குறைப்பேன். மறுநாள் படிக்கட்டில், "தம்பி, நேத்து யாரு ஜெயிச்சா? பாதியில சத்தத்தக் குறைச்சிட்டியே" என்று அவரே கேட்பார்.

எங்கள் கட்டடம் நிற்கும் நிலத்தை ஒரு நிறுவனம் வாங்கியது. காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கீழே பாயின் தேநீர்க் கடையில் கூட்டம் போட்டோம். எங்கள் தலைவி இரண்டாம் மாடி அக்கா. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேச ஆரம்பித்தால் கடையில் மின்விசிறி சுற்றுவதுகூடக் கொஞ்சம் ஒழுங்காகும்.

"நிறுவனத்து காடி வந்தா கண்ணாடி மேல கறுப்புப் பெயிண்ட் ஊத்துவோம்லா," என்றான் நான்காம் மாடியில் இருந்த ஒருவன்.

"ஊத்திட்டு? லாக்கப்புல உக்காந்து வீட்டக் காப்பாத்துவியா?" என்றார் அக்கா.

நான் அப்போதுதான் இரண்டு இரவுகளாகக் கைப்பேசியில் அகிம்சைப் போராட்டங்களைப் பற்றிப் படித்து முடித்திருந்தேன். உப்புக் காய்ச்ச நடந்தவர்கள், பேருந்தில் ஏற மறுத்து மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனவர்கள், சாப்பிட மறுத்தவர்கள், எல்லோரும் என் தலைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். கடையில் பாதிப் பேர் உடனே தே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் எழுந்தால் நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"யாரும் யாரையும் தொட வேணாம். கத்த வேணாம். படிக்கட்டுல உக்காருவோம். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நீயா சொல்ற?" என்றார் பாய், தே ஆற்றுவதை நிறுத்திவிட்டு.

பலர் சிரித்தார்கள். லோரி அண்ணன்தான் உரக்கச் சிரித்தார்.

ஒரு பெரியவர் மட்டும் பழையதை எடுத்தார். இந்த ஊரில் ஒரு காலத்தில் ஹர்த்தால் என்று கடைகளை அடைத்தார்களாம். கதவைச் சாத்தினால் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் தொடங்கினார்களாம். தெருவில் இரத்தத்தோடு முடிந்ததாம். என் அப்பாவும் அதைச் சொல்லியிருக்கிறார். "அது வேற, இது வேற" என்றேன். படித்துவிட்டு வந்தவன் பேசும்போது எப்போதும் இது வேறாகத்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை நிறுவனத்து அதிகாரி, காலி செய்யச் சம்மதிக்கும் ஒப்பந்தங்கள் அடங்கிய நீலக் கோப்போடு வந்தார். கீழ்ப்படியிலிருந்து நான்காம் மாடி வரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஓர் ஆள் ஏறும் அளவுக்கு வழி விட்டிருந்தோம். யாரும் தடுக்கவில்லை. அவர் "செலாமாட் பாகி" என்று மலாயில் காலை வணக்கம் சொன்னார். பதில் இல்லை. முதல் மாடியில் இன்னொரு முறை சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரண்டாம் மாடியில் மூன்றாவது முறை சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருடைய காலணிச் சத்தம் மட்டும் மேலே வந்தது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை, அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைத் தாண்டும்போது அவருடைய கழுத்தில் முடி குத்திட்டு நிற்பதைப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்கு மேல் அவர் ஏறவில்லை. திரும்பி இறங்கியவர் பாதி வழியில் ஓடினார். கோப்பு படியிலேயே கிடந்தது.

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை. நான் பெருமையில் மிதந்தேன். நியாயமாக அப்போதே கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

கோப்பைத் திருப்பி அனுப்புமுன் அக்கா திறந்து பார்த்தார். உள்ளே ஒரே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது. என் அடுத்த கதவு, லோரி அண்ணன்.

அன்று மாலை பாய் கடையில் நான்காம் மாடிக்காரன் மேசையைக் குத்தினான். "அந்தாளு சன்னல ஒடைப்போம். ஒருத்தன் போட்டா பத்துப் பேரு போடுவான். அப்புறம் எல்லாரும் ரோட்டுலதான்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. ஏற்கெனவே இரண்டு வீடுகள் தயங்கிக்கொண்டிருந்தன. ஏதாவது செய்தாக வேண்டும் என்று எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். என் வாய் ஒரு நொடிகூட அந்தப் பார்வையைத் தாங்காது.

"ஒடைக்க வேணாம்," என்றேன். "அந்தக் காலத்துல இந்தியாவுல கட்டுப்பாட்ட மீறினவனுக்கு முடி வெட்ட மாட்டாங்களாம், துணி வெளுக்க மாட்டாங்களாம், யாரும் பேச மாட்டாங்களாம். அடி கிடையாது, திட்டு கிடையாது. நாமளும் பேச வேணாம். ஆளு இல்லாத மாதிரி இருப்போம்."

நான் படித்த அதே பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே, இப்படி ஒதுக்கிவைப்பதும் ஒரு வன்முறைதானா என்று போராட்டக்காரர்களே தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டதைப் பற்றி நாலைந்து பத்திகள் இருந்தன. அவை நீளமாக இருந்தன. விரலால் தள்ளிவிட்டுக் கீழே போய்விட்டேன்.

"என் கடைக்கு வந்து தே கேட்டா?" என்றார் பாய்.

"குடுங்க பாய். பேசாதீங்க."

"பேசாம எப்படித் தம்பி தே குடுக்கறது? சீனி கூடவா கொறைவான்னு கேக்கணும்ல?"

"அவருக்கு எப்படி வேணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும்லா," என்றார் பாய். ஒரு டம்ளரைத் துடைத்து வைத்துவிட்டு, "அதான் சங்கடமா இருக்கு" என்றார்.

அக்கா மட்டும் ஒன்று கேட்டார். "எத்தன நாளைக்கு?"

"கையெழுத்த வாபஸ் வாங்கற வரைக்கும்."

அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நிமிடம் முதல் கேட்கவும் முடியாது, கேட்டால் பேசியதாகிவிடும். என் திட்டத்தில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. நாற்பது வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் "சாப்டாச்சா?" என்றுதான் கேட்போம். பதிலைக் காத்திருந்து கேட்பதில்லை. ஆளைக் கண்டதற்கு அது ஒரு ரசீது மாதிரி. முதல் வாரம் லோரி அண்ணன் எல்லோரிடமும் கேட்டார். "சாப்டாச்சா அக்கா?" அக்கா படியைப் பார்த்துக்கொண்டு இறங்கினார். "சாப்டாச்சாடா தம்பி?" நான் சாவிக்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடினேன். பேசாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி அதுதான். பல்லில் இரும்பு பட்டுக் கூசியது. இரண்டாவது வாரம் அவர் கேட்பதைப் பாதியில் நிறுத்தினார். "சாப்..." என்று ஒரு சத்தம் மட்டும் வரும். மூன்றாவது வாரம் அதுவும் இல்லை.

ஒரு காலை நான் மோட்டாரை எடுக்கும்போது பின்னாலிருந்து, "தம்பி, பின் டயர்ல காத்து இல்ல" என்று கேட்டது. நான் திரும்பவில்லை. கொள்கைவாதி. அப்படியே ஓட்டிப் போய் சிக்னலில் விழுந்தேன். முழங்கைத் தோல் போனது. தொழிற்சாலையில் காரணம் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, "ஒன்றும் இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்தேன்.

இதுவரை வேடிக்கைதான். அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஓர் ஆளைப் பார்க்காத மாதிரி நடிக்க முதலில் முயற்சி வேண்டும். கண்ணைத் திருப்ப வேண்டும், மூச்சைப் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் போனால் முயற்சி வேண்டாம். ஒரு மாலை மூன்றாம் மாடி வளைவில் சுவர் என்று நினைத்து நான் சாய்ந்தது லோரி அண்ணனின் தோளில். அவர் அங்கே நின்றுகொண்டிருந்ததை நான் உண்மையிலேயே பார்க்கவில்லை. தோள் சூடாக இருந்தது.

பாய் கடையில் அவர் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. பாய் பேசாமல் தேயை வைப்பார், அவர் பேசாமல் குடிப்பார். அவர் எழுந்து போன பிறகு கோப்பை மட்டும் காலியாக இருக்கும். ஏதோ அது தானாகவே காலியானது போல நாங்கள் அதைப் பார்ப்போம்.

இதற்கிடையில் எங்கள் மாடியின் கடைசி வீட்டில் இருந்த மகனோடு தங்க ஒரு சீன ஆண்ட்டி வந்து சேர்ந்தார். மகன் பிறையில் ஷிப்ட் வேலை. ஆண்ட்டிக்கு ஹொக்கியனும் பசாரில் பேசும் மலாயும்தான் தெரியும். எங்கள் சபதத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சீனர்களின் பேய் மாதம் தொடங்கியது. செத்தவர்கள் ஒரு மாதம் வெளியே சுற்ற வருவார்கள் என்று தெருவோரமெல்லாம் ஊதுபத்தியும் சாப்பாடும் வைப்பார்கள். எங்கள் தாழ்வாரத்திலும் மாலையில் ஊதுபத்தி புகைந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள்தான் கவனித்தேன். ஊதுபத்தி ஆண்ட்டியின் கதவுக்கு முன்னால் இல்லை. லோரி அண்ணனின் கதவுக்கு முன்னால் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம்.

ஆண்ட்டி என்னைக் கண்டதும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார். "அந்த அங்கிள் எப்போது செத்துப்போனார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "சாகவில்லை ஆண்ட்டி. உயிரோடுதான் இருக்கிறார்."

ஆண்ட்டி என்னை நம்பவில்லை. பெரியவர்கள் நல்லதுக்காகப் பொய் சொல்லும்போது குழந்தைகள் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உயிரோடு இருந்தால் ஏன் யாரும் அவரைப் பார்ப்பதில்லை? படியில் நீங்கள் எல்லோரும் அவருக்குள் புகுந்து போகிற மாதிரி போகிறீர்கள். என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறார் என்று நினைத்தேன்."

என்னிடம் எப்போதும் ஒரு ஜோக் கையிருப்பில் இருக்கும். அன்று கையை விட்டுத் துழாவி, வீட்டுச் சாவியைத்தான் எடுத்தேன்; கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரம் பக்கத்துத் திடலில் பேய் மாத மேடைக் கச்சேரி. ஏழரை மணிக்கே கூட்டம். முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவார்கள். அது வந்துபோகும் ஆவிகளுக்கு. எந்த ஊர்க் குடிகாரனும் அதில் உட்கார மாட்டான். நாங்கள் பின்னால் நின்று ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மினுமினுப்புச் சட்டை போட்ட பெண் பாடிக்கொண்டிருந்தாள். அப்போது லோரி அண்ணன் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, முதல் வரிசைக்குப் போய், நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாட்டு ஒரு வரி தடுமாறியது. கூட்டத்தில் யாரும் அவரை எழுப்பவில்லை. எழுப்பினால் எழுப்பியவன் யாரை எழுப்பியதாகும் என்று ஒருவருக்கும் நிச்சயம் இல்லை போலிருந்தது. அந்தப் பெண் மிச்சப் பாட்டை அவரைப் பார்த்தே பாடினாள், சிரிப்பு மாறாமல், கைகள் மட்டும் ஆடாமல். சுற்றிலும் காலி நாற்காலிகள், நடுவில் ஒரு வழுக்கைத் தலை. ஒரு கட்டத்தில் அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். கோபமாக இல்லை. இங்கேயாவது உட்கார இடம் கிடைத்ததே என்கிற மாதிரி.

"நிறுத்திடலாமா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"நானும் அதத்தான் யோசிக்கறேன்," என்றார். "ஆனா நேத்துதான் அந்த ரெண்டு வீடும் கையெழுத்துப் போட மாட்டோம்னு வந்து சொன்னாங்க. ஏன் தெரியுமா? இவரு கதி வந்துடும்னு பயந்துட்டாங்க." ஐஸ் கச்சாங் அவர் கையில் உருகி வழிந்தது. "ஒரு கல்லு எறியல தம்பி. ஆனா பயந்துட்டாங்க. இதுக்கு என்னா பேரு, நீ படிச்சதுல இருக்கா?"

இருந்தது. தள்ளிவிட்ட பத்திகளில் இருந்தது. வரும் புதன்கிழமை கூட்டத்தில் பேசி முடிப்போம் என்று முடிவு செய்தோம். போராட்டத்தை முறையாகத்தான் நிறுத்த வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

புதன் வருவதற்கு முன்னால் ஞாயிறு வந்தது. பிற்பகல் மூன்று மணி, பலத்த மழை. நான் டிவியில் சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் மூன்று தட்டு.

பழக்க தோஷம். கை தானாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டது. அணைத்த பிறகுதான் உறைத்தது: நான் பதில் சொல்லிவிட்டேன். எத்தனையோ வாரம் கட்டிக் காத்த மௌனத்தை ஒரு விரலால் உடைத்துவிட்டேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பெண் வாயை மட்டும் அசைத்து எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி மூன்று தட்டு. இது வழக்கமான உயரத்தில் இல்லை. தரைக்குப் பக்கத்தில், கணுக்கால் உயரத்தில் கேட்டது. பிறகு நீண்ட நேரம் கழித்து ஒரே ஒரு தட்டு.

என் சட்டம் எனக்குத் தெரியும். அவர் என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நானே உடைத்தால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். புதன்கிழமை முறையாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தத்தைத் திரும்ப வைத்தேன். முன்பைவிடக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன்.

ஆறு மணிக்குத் தாழ்வாரத்தில் அலறல். ஊதுபத்தி வைக்க வந்த ஆண்ட்டி. லோரி அண்ணனின் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து ஆரஞ்சுப் பழத்தை உருட்டிக்கொண்டு போயிருந்தது. ஆவி குழாயைத் திறந்துவிடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மொத்தக் கட்டடத்திலும் சபதம் எடுக்காத ஒரே ஆள் கதவை இரண்டு கையாலும் அடித்து, "அங்கிள்! அங்கிள்!" என்று கத்திக்கொண்டிருந்தார். கதவை நாங்கள் உடைத்தோம். வன்முறை என்று பார்த்தால் அந்தப் போராட்டத்தில் நாங்கள் உடைத்த ஒரே பொருள் அதுதான். குளியலறையில் சுவரோரமாகக் கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரன் பெயரைக் கேட்டான். நாற்பது வீட்டுக்காரர்களில் யார் முதலில் சொல்வது என்று ஒரு நொடி நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

புதன்கிழமை கூட்டம் நடந்தது. அக்கா மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்திருந்தார். லோரி அண்ணன் கையெழுத்துப் போட்ட காரணத்தை அவர் சொன்னார். முழங்கால். மூன்று மாடி ஏற முடியவில்லை. நிறுவனம் வேறு கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வீடு தருவதாகச் சொன்னது. எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாராம். கீழ்த்தளத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து, "என்கிட்ட கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பேனே" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கு அது நன்றாகப் பழகியிருந்தது.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "சுவத்துக்கு அந்தப் பக்கம் நீதானே. ஒண்ணும் கேக்கலையா?"

"மழை," என்றேன்.

நிறுவனம் கெடுவைத் தள்ளிவைத்திருக்கிறது. கட்டடம் இன்னும் நிற்கிறது. போராட்டம் வெற்றி என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு கல் எறியவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை என்று வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் அந்த இடத்தில் மட்டும் தே வாங்க எழுந்து போய்விடுகிறேன். "மழை" என்ற என் ஒரு சொல்லை எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். வாயாடி பொய் சொன்னால் நீளமாகச் சொல்வான் என்று நினைத்திருப்பார்கள்.

லோரி அண்ணன் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், கீழ்த்தளத்துக்காரர் மாற்றிக் கொடுத்த வீட்டுக்கு. அந்தச் சுவரை இப்போது யாரும் தட்டுவதில்லை. இருந்தாலும் டிவியை நான் மெதுவாகத்தான் வைக்கிறேன். சில பிற்பகல்களில் முழுவதும் அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கிறேன்.

போன வாரம் பாய் கடையில் மீ கோரேங் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லோரும் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இருந்தது வேறு.

"சாப்டாச்சா அண்ணே?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் தெரியாதா. இந்தியாவிலிருந்து தொடங்கி, உப்பிலிருந்து தொடங்கி, கைப்பேசியில் படித்தது, படிக்காமல் தள்ளியது, சாவிக்கொத்து, டயர், முதல் வரிசை நாற்காலி என்று கால் மணி நேரம் சுற்றினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே ஒட்டாமல் எங்கோ தனியாகக் கேட்டது. கடைசியில் சொல்ல வந்த இடத்துக்கு வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தேன்.

"அண்ணே, அன்னிக்கி நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

அவர் மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும், டிவிய நிறுத்தினியே."